‘அமெண்ட்’ என்னும் வினை: குறை களைதலும் சட்டம் மாற்றுதலும்

ஆங்கிலத்தில் மாற்றத்தைக் குறிக்கும் வினைச்சொற்கள் பல உண்டு. ‘சேஞ்ச்’ என்பது ஒன்று மாறிற்று என்ற செய்தியை மட்டும் சொல்லும். ‘ஆல்ட்டர்’ என்பது ‘மற்றது’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒன்றை வேறொன்றாக்குவதைக் குறிக்கும். இவ்விரண்டும் மாற்றத்தின் நன்மை தீமையைப் பற்றி எதுவும் பேசுவதில்லை. ‘அமெண்ட்’ அப்படிப்பட்டதன்று. முன்பு ஒரு குறை இருந்தது, அது இப்போது களையப்பட்டது என்ற தீர்ப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. சட்டத்தின் கைக்கு வந்தபின் இந்தத் தீர்ப்பு சொல்லிலிருந்து மெல்ல உதிர்ந்தது. ஆயினும் சொல்லைக் கேட்பவர் காதில் அதன் ஓசை இன்னும் இருக்கிறது. இலங்கையின் அரசியலமைப்பு வரலாற்றை விளங்கிக்கொள்ள இந்த இடைவெளியை அறிவது அவசியம்.

லத்தீன் மொழியில் ‘மெண்டும்’ அல்லது ‘மெண்டா’ என்றால் குற்றம், வடு, எழுத்துப்பிழை. அதன் முன் ‘வெளியே’ என்னும் பொருள் தரும் முன்னொட்டுச் சேர்ந்து ‘எமெண்டாரே’ என்ற வினை பிறந்தது: பிழையை வெளியே எடுத்தல். அது பழைய பிரெஞ்சு மொழியில் ‘அமெண்டெர்’ ஆயிற்று. நோர்மானியர் ஆட்சிக்குப் பின்னர் ஆங்கிலத்துக்குள் நுழைந்த பெரும் சொற்கூட்டத்தோடு, 13ஆம் நூற்றாண்டளவில் ‘அமெண்ட்’ ஆங்கிலச் சொல்லாகிவிட்டது. தொடக்கத்தில் அது மனிதரின் நடத்தையைப் பற்றிய சொல். ஒருவர் தம் வாழ்வைச் சீர்செய்வதும், செய்த தவற்றுக்கு ஈடு செய்வதும் அதன் முதற்பொருள்கள். ‘ஈடு’ என்ற அந்தப் பொருள் ‘அமெண்ட்ஸ்’ என்னும் பன்மைச் சொல்லில் இன்றும் வாழ்கிறது. பிரெஞ்சு மொழியிலோ ‘அமாந்து’ என்றால் தண்டப்பணம்.

முதலெழுத்து உதிர்ந்த ‘மெண்ட்’ என்னும் சொல், கிழிந்த துணியையும் உடைந்த கலத்தையும் சரிசெய்யும் வீட்டுச் சொல்லாயிற்று. ‘எமெண்ட்’ என்ற வடிவத்தைப் பிற்காலத்தில் அறிஞர்கள் லத்தீனிலிருந்து நேரே எடுத்தார்கள். ஏடுகளிலும் அச்சுநூல்களிலும் பாடத்தைச் செப்பம் செய்யும் வேலைக்கு அது உரியதாயிற்று. பிரெஞ்சு உழவரிடம் இதே வினை மண்ணுக்கு எருவிட்டு வளமாக்குவதைக் குறிக்கிறது. இவ்வாறு நடத்தை, துணி, ஏடு, மண் என்று எங்கே போனாலும் அடிப்பொருள் மாறவில்லை: பொருள் அதேதான், குறை மட்டும் நீங்குகிறது. திருத்தப்பட்ட துணி அதே துணி என்பதில் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. சட்டத்தில்தான் இந்த ஐயம் பெரிய வழக்காக எழுந்தது.

தமிழில் ‘திருத்து’ என்ற வினையின் பரப்பும் ஏறத்தாழ இதுவே. காடு திருத்திக் கழனியாக்குகிறார்கள். ஆசிரியர் விடைத்தாள் திருத்துகிறார். முடி திருத்தும் நிலையம் தெருவுக்குத் தெரு இருக்கிறது. இலங்கைத் தமிழில் இதன் புழக்கம் இன்னும் அகலமானது. தமிழகத்தில் வண்டியைப் ‘பழுது பார்ப்பார்கள்’; கொழும்பில் வாகனத்தையும் வானொலியையும் வீதியையும் ‘திருத்துவார்கள்’. ஜிந்துப்பிட்டியில் ஒருவர் காலையில் முச்சக்கரவண்டியைத் திருத்தக் கொடுத்துவிட்டு, மாலைப் பத்திரிகையில் அரசியலமைப்புத் திருத்தம் பற்றிப் படித்தால், இரண்டு இடத்திலும் ஒரே சொல்லையே சந்திக்கிறார். வண்டி திருந்தி வந்ததா இல்லையா என்பது தெருமுனையிலேயே தெரிந்துவிடும்.

சிங்களத்தில் சட்டத் திருத்தத்துக்கு வழங்கும் சொல் ‘சங்ஷோதனய’. தூய்மை செய்தல் என்னும் பொருளுடைய வடமொழிச் சொல் அது. இந்தியிலும் அதுவே சட்டச்சொல். அதே வேரிலிருந்து வந்த ‘பரிசோதித்தல்’ என்ற சொல்லைத்தான் 19ஆம் நூற்றாண்டின் தமிழ்ப் பதிப்பாசிரியர்கள் தம் நூல்களின் முகப்பில் பொறித்தார்கள். ஆறுமுக நாவலரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் ஏடுகளைப் ‘பரிசோதித்து’ அச்சிட்டார்கள் என்றால், பல பிரதிகளை ஒப்புநோக்கி, எழுதினவர் கைப்பிழையை நீக்கி, மூலத்தை மீட்டார்கள் என்று பொருள். லத்தீனின் ‘எமெண்டாரே’ குறிப்பதும் இந்த வேலையையே. பதிப்பாசிரியருக்கு ஓர் எல்லை இருந்தது. தமக்குப் பிடிக்காத அடியை நீக்கவோ புதிய அடியைப் பாடிச் சேர்க்கவோ அவருக்கு உரிமை இல்லை. சட்டம் இயற்றுவோர் இதே சொல்லை எடுத்துக்கொண்டபோது அந்த எல்லையை எடுத்துக்கொள்ளவில்லை.

ஆங்கிலச் சட்டத்தில் ‘அமெண்ட்மெண்ட்’ முதலில் வழக்குப் பத்திரங்களில் நேர்ந்த பிழையைச் சரிசெய்வதையே குறித்தது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாராளுமன்றச் சட்டமூலங்களில் செய்யும் மாற்றத்துக்கும் அது பெயராயிற்று. பிழை நீக்கம் என்ற பொருளைத் தாண்டி, புதியதைச் சேர்ப்பதும் ‘அமெண்ட்மெண்ட்’தான் என்ற நிலை அமெரிக்காவில் உறுதிப்பட்டது. 1789இல் அந்நாட்டின் அரசியலமைப்பில் உரிமைகளைச் சேர்க்கும் முன்மொழிவுகளை ஜேம்ஸ் மடிசன் கொண்டுவந்தபோது, அவற்றை மூலவாசகத்தின் உரிய இடங்களிலேயே பின்னிவிட வேண்டும் என்று கருதினார். ரோஜர் ஷெர்மன் அதை எதிர்த்தார். மூலம் கைபடாமல் இருக்கட்டும், புதியவை கடைசியில் தனியே நிற்கட்டும் என்பது அவர் நிலைப்பாடு. ஷெர்மனின் வழியே வென்றது. 1791 டிசம்பர் 15இல் நிறைவுபெற்ற முதல் 10 திருத்தங்கள் இன்றும் அந்த ஆவணத்தின் வால்போலத் தனியே நிற்கின்றன. அங்கே ஒருவர் பழையதையும் புதியதையும் அருகருகே வைத்துப் படித்து, எது எப்போது மாறிற்று என்று அறியலாம்.

இலங்கை மடிசனின் வழியைக் கைக்கொண்டது. திருத்தச் சட்டம் மூலத்தின் குறித்த உறுப்புரையைச் சுட்டி, இன்ன சொற்களுக்குப் பதிலாக இன்ன சொற்களை இடும். அடுத்த மீள்பதிப்பில் பழைய வாசகம் மறைந்துவிடும். இடையில் புகும் புதிய உறுப்புரைகளைத் தமிழ் வாசகம் அகர வரிசையால் எண்ணிடுகிறது. மாகாண சபைகள் பற்றிய பகுதி 154அ என்று தொடங்குகிறது. மாகாண சபைகளின் சட்டவாக்க அதிகாரத்தைச் சொல்லும் 154எ அதில் ஏழாவது. எண்ணுக்குப் பின் ஓர் உயிரெழுத்து நின்றால், அது பிற்காலத்து இடைச்செருகல் என்று கொள்ளலாம். ஆனால் நீக்கப்பட்ட வாசகத்துக்கு இப்படி எந்த அடையாளமும் மிஞ்சுவதில்லை. அதை அறியப் பழைய பதிப்பைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

சுதந்திரத்தை ஒட்டிய 1946ஆம் ஆண்டு அரசியலமைப்புக் கட்டளையின் 29ஆம் பிரிவு, பாராளுமன்றம் அதன் ஏற்பாடுகளைத் ‘திருத்தலாம் அல்லது நீக்கலாம்’ என்றது. அங்கே இவை இரண்டு வினைகள்; திருத்துதல் வேறு, நீக்குதல் வேறு. இரண்டுக்கும் பிரதிநிதிகள் சபையின் முழு எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கும், அதைச் சான்றுரைக்கும் சபாநாயகரின் கையொப்பமும் வேண்டும். இந்தச் சான்றுரை வெறும் சடங்கா என்ற கேள்வி 1964இல் இலஞ்ச ஆணையாளருக்கும் ரணசிங்க என்பவருக்கும் இடையிலான வழக்கில் இலண்டனின் கோமறைக் கழகத்துக்குச் சென்றது. 1958ஆம் ஆண்டின் இலஞ்சத் திருத்தச் சட்டம், தீர்ப்பாய உறுப்பினர்களை நீதிச்சேவை ஆணைக்குழுவைத் தவிர்த்து நியமிக்க இடம் கொடுத்தது. அது அரசியலமைப்பையே மாற்றுகிற காரியம், சான்றுரையோ இல்லை. ஆகவே அந்த நியமனம் செல்லாது என்று கழகம் தீர்த்தது. வேறொரு சட்டத்தைத் திருத்துவதாகப் பெயரிட்டு, அரசியலமைப்பைப் பக்கவாட்டில் திருத்திவிட முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

1972 மே 22இல் பிரகடனமான குடியரசு அரசியலமைப்பு இந்த வழியாக வரவில்லை. 29ஆம் பிரிவின் கதவைத் தட்டாமல், உறுப்பினர்கள் அரசியல் நிர்ணய சபையாகத் தனியே கூடி, பழையதை முற்றாக மாற்றியமைத்தார்கள். அது திருத்தமன்று, மாற்றீடு. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு இந்த வேறுபாட்டைத் தன் வாசகத்திலேயே வைத்திருக்கிறது. புதிய ஒன்றை இயற்றாமல் இருப்பதை முழுமையாக நீக்கப் பாராளுமன்றத்துக்கு 75ஆம் உறுப்புரை இடம் தரவில்லை. திருத்தும் முறை 82ஆம் உறுப்புரையில் உள்ளது. எந்த ஏற்பாடு மாறுகிறது என்பதைச் சட்டமூலம் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். அது அரசியலமைப்பைத் திருத்துவதற்கானது என்று நெடுந்தலைப்பே சொல்ல வேண்டும். சமுகமளிக்காதோரையும் சேர்த்த மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். இம்முறைப்படி இயற்றப்படாத எந்தச் சட்டமும் அரசியலமைப்பைத் திருத்தியதாகக் கொள்ளப்படலாகாது. ரணசிங்க வழக்கின் பாடம் இங்கே எழுத்தில் பதிந்திருக்கிறது.

அந்த உறுப்புரையின் இறுதிப் பந்தியே மிக முக்கியமானது. ‘திருத்தம்’ என்பது நீக்கறவையும் மாற்றத்தையும் சேர்ப்பையும் உள்ளடக்கும் என்று அது பொருள் வரையறுக்கிறது. 1946இல் இரண்டாக நின்ற வினைகள் 1978இல் ஒன்றாகிவிட்டன. களைவதும் திருத்தம், மாற்றுவதும் திருத்தம், கூட்டுவதும் திருத்தம். குறை என்ற சொல் வரையறையில் இல்லை. லத்தீன் வேரில் இருந்த ‘மெண்டும்’ இங்கே முழுவதும் வெளியேறிவிட்டது. சட்ட வரைஞர் செய்தது தவறென்று சொல்ல முடியாது. எது குறை என்று நீதிமன்றம் ஒவ்வொரு முறையும் ஆராயத் தொடங்கினால் சட்டமியற்றலே நின்றுவிடும். ஆனால் இதன் விளைவாக, திருத்தம் என்று பெயர்பெற்ற எதுவும் திருந்திய ஒன்றாகவே இருக்கும் என்ற உறுதி மக்களுக்கு இல்லாமற் போயிற்று.

அந்த அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த 1978 செப்டெம்பர் முதல் 1988 டிசம்பர் வரை, ஒரே ஜனாதிபதியின் காலத்தில், 16 திருத்தங்கள் நிறைவேறின. அவற்றுட் சில நிருவாக வசதிக்கானவை. கிளிநொச்சி மாவட்டம் உருவானது 1983இன் ஏழாம் திருத்தத்தால். ஆட்சியிலிருப்போரின் உடனடித் தேவைக்காகச் செய்யப்பட்டவையும் உண்டு. மூன்றாம் திருத்தம் ஜனாதிபதி தம் பதவிக்காலம் முடியுமுன்பே மறுதேர்தலுக்குச் செல்ல வழிசெய்தது. நான்காம் திருத்தம் 1977இல் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தலின்றி 1989 ஆகஸ்ட் வரை நீட்டியது. 1982 டிசம்பர் 22இல் நடந்த மக்கள் தீர்ப்பில் 54 வீதத்துக்கு மேற்பட்ட வாக்குகளால் அது ஏற்கப்பட்டது. இலங்கை முழுவதும் நடந்த ஒரே மக்கள் தீர்ப்பு அதுதான். சட்டப்படி அது முறையான திருத்தம். மூலத்தில் அது நீக்கிய குறை எதுவென்று கேட்டால், குறித்த காலத்தில் தேர்தல் நடக்க வேண்டும் என்ற விதியைத்தான் காட்ட முடியும்.

ஆறாம் திருத்தம் 1983 ஆகஸ்ட் 8இல் சட்டமாயிற்று. ஜூலை இறுதியில் தமிழருக்கு எதிரான வன்செயலில் கொழும்பின் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்து ஏறத்தாழ இரண்டு வாரமே ஆகியிருந்தது. தனிநாட்டை ஆதரிப்பதைத் தடைசெய்த அது, 157அ என்ற உறுப்புரையைச் சேர்த்து, மக்கள் பிரதிநிதிகளும் அரச ஊழியரும் அதற்கிணங்கச் சத்தியம் செய்ய வேண்டும் என்றது. தமிழர் விடுதலைக் கூட்டணியின் உறுப்பினர்கள் சத்தியம் செய்ய மறுத்து ஆசனங்களை இழந்தார்கள். எதிர்க்கட்சித் தலைவராயிருந்த அ. அமிர்தலிங்கமும் அவர்களில் ஒருவர். வீடிழந்த மக்கள் தம் பிரதிநிதிகளையும் இழந்த வேளை அது. ‘சேர்ப்பு’ என்ற வகையில் அடங்கும் இத்திருத்தம் நாட்டின் காயத்தை ஆற்றவில்லை, ஆழப்படுத்திற்று என்றே சொல்ல வேண்டும்.

எவ்வளவு மாற்றினால் திருத்தம் திருத்தமாகவே இருக்கும் என்ற கேள்வியை இந்திய உச்ச நீதிமன்றம் நேரடியாக எதிர்கொண்டது. இந்தியாவின் முதல் திருத்தத்துக்கே ஒரு காரணம் சென்னையிலிருந்து வந்த வழக்கு: சம்பகம் துரைராஜன் வழக்கில் இட ஒதுக்கீட்டுக்கான வகுப்புவாரி அரசாணை 1951 ஏப்ரலில் வீழ்ந்தது, பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யும் உட்பிரிவு அதே ஆண்டு ஜூனில் சேர்ந்தது. வேரின் பொருளுக்கு அணுக்கமான திருத்தம் அது. பின்னர், 1973 ஏப்ரல் 24இல், கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகளுள் 7 பேர், திருத்தும் அதிகாரம் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்கும்வரை நீளாது என்று தீர்த்தார்கள். திருத்தம் என்றால் பழைய அரசியலமைப்பு தன் அடையாளத்தை இழக்காமல் எஞ்சியிருக்க வேண்டும் என்ற நீதிபதி எச். ஆர். கன்னாவின் வாதம், திருத்திய துணி அதே துணி என்ற பழைய பொருளைச் சட்டத்துக்கு மீட்டுத் தந்தது.

இலங்கையில் இந்தக் கேள்வி 1987இல் பதின்மூன்றாம் திருத்தச் சட்டமூலத்தோடு வந்தது. ஜிந்துப்பிட்டியிலிருந்து நடந்தே போகக்கூடிய புதுக்கடையில், உயர் நீதிமன்றத்தின் 9 நீதியரசர்கள் அதை விசாரித்தார்கள். மாகாண சபைகளை அமைப்பது ஒற்றையாட்சியைக் குலைக்குமா, ஆகவே மக்கள் தீர்ப்பு வேண்டுமா என்பது விவகாரம். பிரதம நீதியரசர் எஸ். சர்வானந்தா உள்ளிட்ட நால்வர் வேண்டியதில்லை என்றனர். இந்தியாவின் அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாட்டையும் அவர்கள் ஏற்கவில்லை. திருத்தம் என்பதற்கு அரசியலமைப்பே வரையறை தந்திருக்கும்போது, எவை மக்கள் தீர்ப்பால் காக்கப்பட்டவை என்று 83ஆம் உறுப்புரையே பட்டியலிட்டிருக்கும்போது, வெளியிலிருந்து இன்னோர் எல்லை தேவையில்லை என்பது அவர்கள் நிலை. வேறு நால்வர் மக்கள் தீர்ப்பு வேண்டும் என்றனர். ஒன்பதாமவரான நீதியரசர் பாரிந்த ரணசிங்க, 154எ உறுப்புரையின் குறித்த சில பகுதிகளுக்கு மட்டுமே அது வேண்டும் என்றார். அப்பகுதிகளை மாற்றியமைத்து, 1987 நவம்பர் 14இல் திருத்தம் சட்டமாயிற்று.

அத்திருத்தத்தின் இன்னொரு பகுதி அளவிற் சிறியது, பொருளிற் பெரியது. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் முதல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழி. 1978இல் தமிழுக்குத் தேசிய மொழி என்ற தகுதி கிடைத்தாலும் 18ஆம் உறுப்புரை மாறவில்லை. பதின்மூன்றாம் திருத்தம் அந்த உறுப்புரையில், தமிழும் அரசகரும மொழியாகும் என்று ஒரு பந்தியைச் சேர்த்தது; ஆங்கிலம் இணைப்பு மொழி என்று மற்றொன்றை இட்டது. சிங்களத்தைப் பற்றிய முதற்பந்தி அப்படியே நின்றது. தமிழ் இரண்டாவதாக, உம்மையோடு வந்து நின்றது. 1988 டிசம்பர் 17இல் பதினாறாம் திருத்தம் சிங்களத்தையும் தமிழையும் நிருவாகத்தினதும் சட்டவாக்கத்தினதும் மொழிகளாக்கி நடைமுறை வழிகளை விரித்தது. சிறுபான்மையினர் செறிந்த பிரதேச செயலாளர் பிரிவுகளை இருமொழிப் பிரிவுகளாக்க அது இடம் தந்தது. ஜிந்துப்பிட்டி அடங்கும் கொழும்புப் பிரிவும், வெள்ளவத்தை அடங்கும் திம்பிரிகஸ்யாயப் பிரிவும் அவ்வாறு இருமொழிப் பிரிவுகளாகியுள்ளன. பிறப்புப் பதிவையும் முறைப்பாட்டையும் தன் மொழியில் கேட்டுப் பெறும் உரிமை ஒரு தமிழருக்கு இத்திருத்தங்களிலிருந்தே கிடைக்கிறது. 31 ஆண்டுக் குறை ஒன்றைக் களைந்தமையால், ‘அமெண்ட்’ என்ற சொல்லுக்கு அதன் முழுப்பொருளிலும் உரியவை இவையே.

ஆனால் அவையும் முழுமையானவையல்ல. சட்டங்கள் இரு மொழியிலும் இயற்றப்பட வேண்டும் என்ற பதினாறாம் திருத்தம், முரண்பாடு எழுந்தால் எந்த வாசகம் மேலோங்கும் என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பைப் பாராளுமன்றத்திடமே விட்டது. சட்டங்களின் இறுதிப்பிரிவு வழக்கமாகச் சிங்கள வாசகத்துக்கே அந்த மேலாண்மையைத் தருகிறது. மேலும் 18ஆம் உறுப்புரை, மக்கள் தீர்ப்பால் காக்கப்படும் உறுப்புரைகளின் பட்டியலில் இல்லை.

2001 முதல் வந்தவை ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தொட்ட திருத்தங்கள். 2001இன் பதினேழாம் திருத்தம் அரசியலமைப்புப் பேரவையையும் சுயாதீன ஆணைக்குழுக்களையும் அமைத்து, உயர்பதவி நியமனங்களில் ஜனாதிபதியின் தனியதிகாரத்தைக் கட்டுப்படுத்தியது. 2010இல் அவசரச் சட்டமூலமாக வந்த பதினெட்டாம் திருத்தம் பேரவையை நீக்கி வலுவற்ற பாராளுமன்றப் பேரவையை வைத்தது. ஒருவர் இரு தடவைக்கு மேல் ஜனாதிபதியாகத் தெரிவாக முடியாது என்ற வரம்பையும் எடுத்துவிட்டது. 2015இன் பத்தொன்பதாம் திருத்தம் இரண்டையும் மீட்டது. 2020இன் இருபதாம் திருத்தம் பேரவையை மறுபடி நீக்கிற்று. 2022 ஒக்டோபரில் வந்த இருபத்தோராம் திருத்தம் மறுபடி வைத்தது. ஒவ்வொரு திருத்தமும் முந்திய திருத்தத்தையே குறையாகக் கண்டது. பதிப்பாசிரியர்களின் முறை இங்கே வழக்கிலிருந்தால் இப்படி நேர்ந்திராது. இன்ன குறை, இன்ன காரணம் என்று எழுத்தில் வைத்துவிட்டுக் கைவைக்கும் ஒழுங்கு அவர்களுடையது.

வரைவில் நேரும் பிழைக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பத்தொன்பதாம் திருத்தம் ஜனாதிபதியினதும் பாராளுமன்றத்தினதும் பதவிக்காலத்தை ஆறு ஆண்டிலிருந்து ஐந்தாகக் குறைத்தது. பதவிக்காலம் பற்றிய உறுப்புரைகள் மாறின. ஆனால் பதவிக்காலத்தை ஆறு ஆண்டுக்கு மேல் நீட்டினால்தான் மக்கள் தீர்ப்பு வேண்டும் என்கிற 83ஆம் உறுப்புரையின் வாசகம் மாறவில்லை. அவ்வாசகத்தை அப்படியே படித்தால், ஐந்திலிருந்து ஆறாக நீட்டுவதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கே போதும். இதைச் சரிசெய்ய, ‘ஆறு’ என்ற இடத்தில் ‘ஐந்து’ என்று மாற்றும் இருபத்திரண்டாம் திருத்தச் சட்டமூலம் 2024 ஜூலையில் வர்த்தமானியில் வெளியாயிற்று. ஏறத்தாழ இரு மாதங்களில் ஜனாதிபதித் தேர்தல் நடக்கவிருந்த நேரம் அது. தேர்தலைத் தள்ளிப்போடும் முயற்சியோ என்ற ஐயம் எழ, அது நிறைவேறாமல் நின்றது. 83ஆம் உறுப்புரை தன்னைத் தானே காத்துக்கொள்ளும் உறுப்புரை. அதில் ஓர் எண்ணை மாற்றுவதற்கும் பாராளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். பின்னர் நாடு முழுவதும் மக்கள் தீர்ப்பில் வாக்களித்து அதை ஏற்க வேண்டும்.